2008 ஜிஎக்ஸ் 470: இதையே ஓட்டுவதா, 460-க்கு மாறுவதா, 550-க்குத் தாவுவதா?

கேள்வி சுருக்கமாக: டென்வர் பக்கம் வீடு. 2008 லெக்சஸ் ஜிஎக்ஸ் 470, ஒஹாயோவில் வாங்கி ஓட்டிக் கொண்டுவந்தது, 1,65,000 மைல் ஆகியிருக்கிறது. இரண்டு பிள்ளைகள். கோடையில் 4,500 பவுண்டு டிரெய்லர் இழுக்க வேண்டும். வருடத்துக்கு நாலைந்து தடவை கொலராடோவின் சான் வான் மலைப்பாதைகள், ஒரு தடவை யூட்டாவின் பாறைப் பாதைகளுக்குப் பேர்போன மோவாப். "இதற்கு அடுத்த தலைமுறையான 460 வாங்கலாமா, கடன் போட்டு அதற்கும் அடுத்த 550 எடுத்துவிடலாமா, இல்லை இதிலேயே செலவு செய்யலாமா?"

இதில் என் கண்ணில் முதலில் பட்டது 1,65,000 மைல் இல்லை, ஒஹாயோ. இந்த வண்டியின் 4.7 லிட்டர் வி8 எஞ்சின் வார்ப்பிரும்பு பிளாக் கொண்டது, பராமரிப்பு ஒழுங்காக இருந்தால் மூன்று லட்சம் மைல் ஒன்றும் பெரிய விஷயமில்லை. எஞ்சினுக்கு முன்னால் சேஸிதான் சாகும். ஒஹாயோ மாதிரி, குளிர்காலத்தில் பனி உருகச் சாலையில் உப்பு கொட்டும் ஊரில் பத்து வருடம் ஓடிய வண்டிக்கு வெளிப்பெயின்ட் பளபளவென்று இருக்கும், அடியில் இரும்பு அப்பளமாக உதிரும். டகோமா, டண்ட்ரா, செக்கோயா மூன்றுக்கும் சேஸி துருவுக்காக, லெக்சஸின் தாய் நிறுவனமான டொயோட்டா நீதிமன்ற ஒப்பந்தம் செய்து மாற்றிக் கொடுத்தது. ஜிஎக்ஸ் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே ஓட்டை விழுந்தால் நஷ்டம் முழுக்க உங்களுடையது.

எனவே எந்த ஷோரூமுக்கும் போவதற்கு முன் ஒரு சனிக்கிழமை காலை வண்டிக்கு அடியில் படுங்கள். ஒரு சுத்தியல், ஒரு பழைய ஸ்க்ரூடிரைவர், டார்ச் போதும். பின்சக்கரத்துக்கு மேலே சேஸி வளைந்து ஏறும் இடம், பின்பக்க கன்ட்ரோல் ஆர்ம் (ஆக்சிலைச் சேஸியோடு இணைக்கும் கை) மாட்டியிருக்கும் தாங்கிகள், ஸ்டெப்னிக்கு மேலே ஓடும் குறுக்குக் கம்பி, இவைதான் முதலில் போகும். சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று பேசும். அழுகிய இடம் மண்சுவரைத் தட்டியதுபோல் மொத்தென்று கேட்கும். அப்படிக் கேட்ட இடத்தில் ஸ்க்ரூடிரைவரை அழுத்துங்கள். சேஸி பெட்டிபோல் உள்ளே வெற்றிடமாக இருப்பதால் துரு உள்ளிருந்துதான் தின்னும். பக்கவாட்டுத் துளைகளில் டார்ச் அடித்து உள்ளேயும் பாருங்கள். பொடியாக இருந்தால் பரவாயில்லை. தகடு தகடாக உரிந்து உள்ளே குவிந்து கிடந்தால் கவலைப்பட வேண்டும்.

கூடவே ஒரு சோதனை. முன்பக்க லோயர் கன்ட்ரோல் ஆர்மில், அலைன்மென்ட் செய்யத் திருப்பும் கேம் போல்ட்டுகள் பக்கத்துக்கு இரண்டு இருக்கும். உப்பு ஊர் வண்டிகளில் அவை புஷ்ஷின் (ரப்பர் மூட்டின்) இரும்புக் குழாயோடு ஒட்டிப்போய்விடும். அலைன்மென்ட் கடையில் "அட்ஜஸ்ட் ஆகவில்லை" என்று சொல்லி அனுப்பியிருந்தால் இதுதான் காரணம். ரம்பம் போட்டு அறுத்து எடுத்து, போல்ட், கேம், புஷ் எல்லாம் புதிதாகப் போடுவது ஒரு நாள் வேலை. இந்த நாலு போல்ட்டும் திரும்புகின்றன என்றால் மற்ற இரும்பும் பெரும்பாலும் பிழைத்திருக்கும்.

சேஸி ஓட்டையாக இருந்தால் கீழே எழுதியிருக்கும் ரிப்பேர் எதுவும் வேண்டாம். வெல்டிங் போட்டு ஒட்டிய சேஸியில் பிள்ளைகளை ஏற்றி, பின்னால் டிரெய்லரும் கட்டி மலை ஏறக் கூடாது. நேராக 460, 550 பற்றிய பகுதிக்குப் போங்கள். சேஸி நன்றாக இருந்தால் இந்த வண்டிக்கு இப்போது என்ன செய்ய வேண்டியிருக்கும் என்று பார்ப்போம்.

டைமிங் பெல்ட். இந்த எஞ்சினுக்கு 90,000 மைலுக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். முதல் மாற்றம் நடந்ததற்கு ரசீது இருக்கிறதா? எஞ்சின் கவரில் தேதி எழுதிய ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா? இரண்டும் இல்லையென்றால் நடக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். நடந்திருந்தாலும் பத்து வருடப் பழைய பெல்ட் என்றால் மைலைப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். 2005-க்குப் பிறகு வந்த, விவிடி-ஐ (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு) உள்ள எஞ்சினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வை இடிக்கும். பெல்ட்டோடு சேர்த்து ஐட்லர், டென்ஷனர் புல்லிகள், ஹைட்ராலிக் டென்ஷனர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் எல்லாவற்றையும் மாற்றுங்கள், ஏனென்றால் எதை மாற்றினாலும் அதே முன்பக்கத்தைத்தான் பிரிக்க வேண்டும். தனி மெக்கானிக்கிடம் ஆயிரம் டாலரிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு வரை ஆகும்.

ரேடியேட்டர். கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் சிறு குழாய் ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே இருக்கிறது. வயதானால் அது உள்ளே விரிசல் விட்டு, கூலன்ட்டும் ஆயிலும் கலந்து ரோஸ்மில்க் மாதிரி ஆகிவிடும். அந்த ரோஸ்மில்க்கைக் குடித்த கியர்பாக்ஸ் பிழைப்பது கடினம். டிரெய்லர் இழுக்கும் பழைய வண்டியில், ஒரிஜினல் ரேடியேட்டர் இன்னும் இருந்தால், நன்றாகத்தானே இருக்கிறது என்று விடாமல் மாற்றிவிடுங்கள். சில நூறு டாலர் பொருள், சில ஆயிரம் டாலர் கியர்பாக்ஸைக் காப்பாற்றுகிறது.

கியர்பாக்ஸ் ஆயில். டிப்ஸ்டிக் கிடையாது, "வாழ்நாள் ஆயில்" என்று யாராவது சொன்னால் யாருடைய வாழ்நாள் என்று திருப்பிக் கேளுங்கள். டொயோட்டா டபிள்யூஎஸ் ஆயில், ஒரு தடவை வடித்தால் 3 குவார்ட் அளவுதான் வெளியே வரும். உள்ளே இருப்பது மொத்தம் 11 குவார்ட்டை ஒட்டி. ஆகவே ஆயிரம் மைல் இடைவெளியில் மூன்று தடவை வடித்து ஊற்றுங்கள். வடித்ததை அளந்து அதே அளவு ஊற்ற வேண்டும். அளவு சரியா என்று ஆயில் வெப்பம் 115-லிருந்து 130 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் இருக்கும்போது, எஞ்சின் ஓட, செக் பிளக்கைத் திறந்து பார்க்க வேண்டும். மெல்லிய நூலாகச் சொட்டினால் சரி. சூடு அதிகமாக இருக்கும்போது பார்த்தால் ஆயில் விரிந்து நிறைந்ததுபோல் காட்டும், நீங்கள் குறைவாக ஊற்றி மூடிவிடுவீர்கள்.

பின்பக்க ஏர் சஸ்பென்ஷன். ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர் பை. அதில் விரிசல் விட்டால் காலையில் பின்பக்கம் உட்கார்ந்திருக்கும், ஸ்டார்ட் செய்ததும் கம்ப்ரசர் முனகிக்கொண்டே தூக்கும். பையை மாற்றாமல் ஓட்டினால் அடுத்துக் கம்ப்ரசர் கருகும். காயில் ஸ்பிரிங்குக்கு மாற்றும் கிட் மலிவு, பலரும் அதைத்தான் போடுகிறார்கள். ஆனால் உங்களுக்கு டிரெய்லர் இருக்கிறது. 4,500 பவுண்டு டிரெய்லரின் கொக்கி எடை 450-லிருந்து 675 பவுண்டு வரை வரும், அவ்வளவும் பின் ஆக்சிலில் உட்காரும். பையையே புதிதாகப் போட்டால் வண்டி தானாக மட்டம் பிடித்துக்கொள்ளும். காயில்தான் வேண்டுமென்றால், காயிலுக்குள் பொருத்தும் சிறு காற்றுப்பையும் சேர்த்துப் போடுங்கள்.

வண்டி நின்று கிளம்பும்போது பின்னாலிருந்து யாரோ தள்ளியதுபோல் ஒரு "தட்" வருகிறதா? கியர்பாக்ஸ் போய்விட்டது என்று பயந்து விற்றவர்கள் உண்டு. அது பெரும்பாலும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டின் (சக்தியை ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் தண்டின்) ஸ்லிப் யோக்கில், அதாவது நீண்டு சுருங்கும் மூட்டில், கிரீஸ் வறண்டதுதான். நிப்பிளில் கிரீஸ் துப்பாக்கி வைத்து, ஷாஃப்ட் நீளத் தொடங்கும்போது நிறுத்துங்கள். பத்து டாலர் வேலை.

இவை எல்லாம் சேர்த்து, தனி மெக்கானிக்கிடம் நாலாயிரம் டாலரை ஒட்டி நிற்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு 460-ஐப் பாருங்கள்.

460 என்பது 2010-லிருந்து 2023 வரை வந்தது. 4.6 லிட்டர் வி8, 301 குதிரைத்திறன், ஆறு கியர், டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின். பின்பக்கம் அதே பக்கவாட்டில் திறக்கும் கதவு, அதே 23 காலன் டேங்க், அதே 6,500 பவுண்டு இழுவை வரம்பு. எப்போதும் நாலு சக்கரத்துக்கும் போகும் சக்தி, பூட்டக்கூடிய நடு டிஃபரன்ஷியல் (முன், பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரிப்பது), மெதுவாக ஏற உதவும் லோ ரேஞ்ச் கியர், அதுவும் உங்களிடம் இருக்கிறது. மலைப்பாதையில் உங்கள் 470 ஏறாத இடத்தில் 460 ஏறும் என்று சொல்ல முடியாது. ஆஃப்ரோடு என்ற ஒரே காரணத்துக்காக 470-லிருந்து 460-க்குப் போவது வீடு மாற்றாமல் வீட்டு நம்பரை மட்டும் மாற்றுவது.

குதிரைத்திறன் கூடுதல்தானே என்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் சக்தியை இழக்கும். டென்வரிலிருந்து மலையேறும் ஐ-70 ஹைவேயில் ஐசன்ஹவர் சுரங்கம் 11,158 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே உங்கள் 470-இன் 263 குதிரை 175 ஆகும். 460-இன் 301 குதிரை 200 ஆகும். 25 குதிரை வித்தியாசத்தை, பின்னால் டிரெய்லரைக் கட்டிக்கொண்டு வலது லேனில் லாரிகளோடு ஊர்ந்தபடி தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

460-இல் உண்மையிலேயே கிடைப்பது வேறு: வயது குறைந்த இரும்பு, தரமான பாதுகாப்பு. 2020 மாடலிலிருந்து, முன்னால் மோதல் வருமென்றால் தானே பிரேக் போடும் அமைப்பு எல்லா டிரிமிலும் (வேரியன்ட்டிலும்) வருகிறது. தினமும் பிள்ளைகளை ஹைவேயில் கூட்டிப் போகிறீர்கள், அதுதான் கவலை என்றால் 2020-க்கு மேற்பட்ட 460 நியாயமான மாற்றம். அதற்குக் கீழே உள்ள மாடலுக்கு மாற எனக்குக் காரணம் தெரியவில்லை, உங்கள் சேஸி அழுகியிருந்தால் தவிர. ஒரு சின்ன எச்சரிக்கை: கொலராடோ சாலைகளில் கல் தெறித்து விண்ட்ஷீல்ட் உடைவது சாதாரணம். இந்த பிரேக் அமைப்பின் கேமரா உள்ள கண்ணாடியை மாற்றினால் கேமராவை மறுபடி அளவு பிடிக்க வேண்டும். அந்தச் செலவு இன்ஷூரன்ஸில் அடங்குமா என்று முன்பே கேட்டு வையுங்கள்.

460 பார்க்கப் போனால் மூன்று இடம்.

முதலாவது, எஞ்சின் பள்ளத்தாக்கு. வி8-இன் இரண்டு வரிசைகளுக்கு நடுவே, இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒரு தகடு இருக்கிறது. அதை ஒட்டியிருக்கும் சீலன்ட் வயதாகி விட்டுக்கொடுத்தால் கூலன்ட் உள்ளே தேங்கி, பின்பக்கமாக வழிந்து கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் இறங்கும். எஞ்சின் ஆறியிருக்கும்போது மேலே உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி டார்ச் அடியுங்கள். இளஞ்சிவப்பாகக் காய்ந்த உப்புப் பொறுக்கு தெரிந்தால் அதுதான். கூலன்ட் டப்பா கோட்டுக்குக் கீழே இருந்து, தரையில் சொட்டு எதுவும் இல்லையென்றாலும் சந்தேகப்படுங்கள், சூட்டில் ஆவியாகிவிடும். இங்கே மாற்ற வேண்டிய பொருள் ஒரு டியூப் சீலன்ட்டும் சில கேஸ்கெட்டும்தான், கூலிதான் ஆயிரக்கணக்கில். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். வாட்டர் பம்ப் பக்கமும் இதே இளஞ்சிவப்புப் பொறுக்கைத் தேடுங்கள், அது மலிவான கசிவு.

இரண்டாவது, செகண்டரி ஏர் இன்ஜெக்ஷன். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் ஒரு சிறு பம்ப் சைலென்சர் வழிக்குள் காற்றைத் தள்ளும், புகையைச் சுத்தப்படுத்த. அந்தக் காற்றுவழி வால்வுக்குள் ஈரம் சேர்ந்து துருப்பிடித்துத் திறந்தபடியே மாட்டிக்கொண்டால் பி2440 அல்லது பி2442 எரர் கோடு வரும், வண்டி வேகம் எடுக்காமல் நொண்டும். பம்பும் வால்வும் சேர்த்து மாற்ற டீலரிடம் ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். இதைத் தாண்டிவிடும் பைபாஸ் கிட் விற்கிறார்கள். எமிஷன் சட்டப்படி அது செல்லாது. பார்க்கப் போகும் வண்டியை, முந்தின இரவு முழுக்க ஸ்டார்ட் செய்யாமல் வைக்கச் சொல்லி, நீங்களே முதல் ஸ்டார்ட் செய்யுங்கள். ஓபிடி ரீடர் (வண்டியின் எரர் கோடுகளைப் படிக்கும் கருவி) போட்டு, பழைய கோடுகளைச் சமீபத்தில் அழித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். ரெடினஸ் மானிட்டர் (வண்டி தன்னைத்தானே சோதித்து முடித்ததா என்று காட்டுவது) முழுமையாகாமல் இருந்தால் யாரோ நேற்றுதான் அழித்திருக்கிறார்கள். இந்த அமைப்பு உங்கள் 2008-லும் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

மூன்றாவது, கேடிஎஸ்எஸ். முன்னும் பின்னும் உள்ள ஸ்டெபிலைசர் பார்களை ஹைட்ராலிக் குழாயால் இணைத்து, ரோட்டில் இறுக்கியும் பாறையில் தளர்த்தியும் விடும் அமைப்பு. அருமையான விஷயம், உடையும்வரை. இடது சேஸி ஓரத்தில் வால்வு பிளாக்கில் இரண்டு ஆலன் போல்ட்டுகள் உண்டு. வண்டியைத் தூக்கி சஸ்பென்ஷன் வேலை செய்வதற்கு முன் இவற்றை இரண்டு மூன்று சுற்று திறந்தால்தான் இரு பக்க அழுத்தம் சமமாகும். திறக்காமல் லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்தும் கிட்) போட்டுவிட்டு "வண்டி ஒரு பக்கம் சாய்கிறது" என்று புலம்புவது வழக்கமான கதை. துருப்பிடித்த வண்டியில் ஆலன் தலை வழுக்கிவிடும், அதன்பின் மொத்த பிளாக்கும் மாற்றும் நிலை. பார்க்கும்போது வண்டி மட்டமான தரையில் நேராக நிற்கிறதா என்று நாலு சக்கரத்துக்கும் ஃபெண்டருக்கும் நடுவே டேப் வைத்து அளந்து பாருங்கள்.

2010 மாடலாக இருந்தால் இன்னொன்று. அந்த வருடம் ஏப்ரலில் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை, வளைவில் ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டால் பின்பக்கம் வழுக்குகிறது என்று "வாங்காதீர்கள்" முத்திரை குத்தியது. லெக்சஸ் விற்பனையை நிறுத்தி, ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் சாஃப்ட்வேரை மாற்றிக் கொடுத்தது. 2010-லிருந்து 2017 வரையிலான 460-களுக்கு டகாட்டா நிறுவன ஏர்பேக்குக்கான ரீகாலும் (நிறுவனமே திரும்ப அழைத்துச் சரிசெய்வது) உண்டு. இரண்டும் முடிந்ததா என்று விஐஎன் நம்பரை (வண்டியின் அடையாள எண்) போட்டு, அமெரிக்க சாலைப் பாதுகாப்புத் துறையான என்எச்டிஎஸ்ஏ தளத்தில் பார்த்துவிடலாம், இரண்டு நிமிடம்.

இப்போது 550. இது பெயர் மட்டும் தொடரும் வேறு வண்டி. 2024 மாடலிலிருந்து வருகிறது. புதிய சேஸி, 3.4 லிட்டர் இரட்டை டர்போ வி6, 349 குதிரை, 479 பவுண்டு-அடி டார்க், பத்து கியர். உங்கள் டிரெய்லர் விஷயத்தில் இது நிஜமான பாய்ச்சல். மெல்லிய காற்றின் இழப்பைப் பெருமளவு டர்போ ஈடுகட்டிவிடும், சுரங்கத்துக்கு ஏறும்போது 470-க்கும் இதற்கும் உள்ள தூரம் காகிதத்தில் தெரிவதைவிட அதிகம். ஓவர்டிரெயில் டிரிமின் இழுவை வரம்பு 9,000 பவுண்டை ஒட்டி, 33 அங்குல டயர், பின் ஆக்சிலில் எலெக்ட்ரானிக் லாக்கர் (இரு சக்கரத்தையும் சேர்த்துச் சுழலப் பூட்டுவது), மின்கட்டுப்பாட்டு கேடிஎஸ்எஸ், எல்லாம் ஃபேக்டரியிலிருந்தே வரும். ஆனால் ஓவர்டிரெயில் இரண்டு வரிசை சீட்டோடு அறிமுகமானது; ஊரிலிருந்து தாத்தா பாட்டி வந்தால் எங்கே உட்காருவார்கள் என்று யோசியுங்கள்.

பெட்ரோல் மிச்சமாகும் என்று கணக்குப் போடாதீர்கள். 470 காலனுக்கு 15 மைல், 550 சுமார் 17. வருடம் 12,000 மைலுக்கு 800 காலன் 706 ஆகும். 3.50 டாலர் வீதம் மிச்சம் 330 டாலர். 60,000 டாலர் கடனுக்கு 7 சதவீத வட்டி முதல் மாதமே 350. இதற்கு மேல் 550-க்கு 91 ஆக்டேன் பிரீமியம் போடச் சொல்கிறது லெக்சஸ். கொலராடோ பங்க்குகளில் "ரெகுலர்" என்று இருப்பது 85, டர்போ எஞ்சினுக்கு அந்தப் பக்கமே போகாதீர்கள்.

எஞ்சினைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். இதே குடும்ப வி6-க்காக 2024 மே மாதம் 2022–23 டொயோட்டா டண்ட்ரா, லெக்சஸ் எல்எக்ஸ் 600 சேர்த்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் ரீகால் ஆகின. எஞ்சின் செய்யும்போது கடைசல் துகள் உள்ளேயே தங்கி, கிராங்க் மெயின் பேரிங்கில் ஒட்டி, பேரிங் தேய்ந்து, ஓடும்போதே எஞ்சின் நிற்கலாம் என்பதுதான் காரணம். 2025 நவம்பரில் அந்த வலை விரிந்து 2024 ஜிஎக்ஸும் உள்ளே வந்தது. ஆகவே செகண்ட் ஹேண்ட் 2024 கொஞ்சம் மலிவாகக் கிடைத்தால் குதிக்காதீர்கள். விஐஎன் சோதித்து, ரீகால் வேலை முடிந்த தாளைக் கையில் வாங்கிப் பிறகு பேசுங்கள். குளிர் ஸ்டார்ட்டில் அடியிலிருந்து ஆழமான தட்டல் சத்தம் கேட்டால் திரும்பி வந்துவிடுங்கள்.

மலைப்பாதைக்கு ஒரு குறை: 550 உங்கள் வண்டியைவிட நாலு அங்குலத்துக்குக் குறையாமல் அகலம். சான் வானின் எஞ்சினியர் பாஸ் பாதையில் அது உறுத்தாது. ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் பள்ளம் என்றிருக்கும் பிளாக் பேர் பாஸ் பாதையில் ஒவ்வொரு அங்குலமும் எண்ணத் தோன்றும். இன்னொன்று, பழைய அலாய் வீல்களை எடுத்துப் போக முடியுமா என்று கேட்பார்கள். மூன்றுக்கும் ஆறு போல்ட், 139.7 மில்லிமீட்டர் வட்டம்தான். ஆனால் பழைய வண்டியின் நடு ஓட்டை 106.1, 550-இல் 95.1. பழைய வீல் புதியதில் தளர்வாக உட்காரும், நடுவளையம் போட வேண்டும். புதிய வீல் பழையதில் ஏறவே ஏறாது.

உங்கள் விஷயத்தில் என் முடிவு இது. சேஸி கணீரென்று பேசினால் நாலாயிரம் டாலரை 470-இல் போடுங்கள். மலைப்பாதைக்கு இன்னும் வேண்டுமென்றால் பின்னால் ஏஆர்பி நிறுவனத்தின் ஒரு ஏர் லாக்கர், 265/70 ஆர்17 அளவில் நல்ல ஆல்-டெரெய்ன் டயர். 550-க்குப் போகும் தவணையை மாதாமாதம் தனியாக எடுத்து வையுங்கள், இரண்டு வருடத்தில் முன்பணம் கணிசமாகச் சேரும், அதற்குள் அந்த எஞ்சினின் கதையும் தெளிந்திருக்கும். சேஸி அழுகியிருந்தால், டிரெய்லர்தான் உங்களுக்கு முக்கியம் என்றால் ரீகால் பட்டியலில் இல்லாத 550. டிரெய்லரை அபூர்வமாகத்தான் எடுப்பேன் என்றால் 2020-க்கு மேற்பட்ட 460, அதுவும் அரிசோனா, டெக்சாஸ் மாதிரி உப்பு படாத ஊரிலிருந்து. விமான டிக்கெட் போட்டுப் போய் ஓட்டி வந்தாலும் லாபம். மிச்சிகன், நியூயார்க் விளம்பரங்களில் மூவாயிரம் டாலர் குறைவாகத் தெரியும், அந்த மூவாயிரம் எங்கே போயிருக்கிறது என்று இப்போது உங்களுக்கே தெரியும், சுத்தியலைக் கொண்டுபோங்கள்.